பழைய நாற்காலிக்குப் புதுச் சாயம்



தீபாவளியோ பொங்கலோ நெருங்கி வந்தால் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "சாப்பாட்டு மேசை ஆடுகிறது, நாற்காலி எல்லாம் நிறம் போய்க் கிடக்கிறது, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று குடும்பத் தலைவி கேட்பாள். பட்டணத்துக் கடையில் "முன்பணம் வேண்டாம், மாதத் தவணை போதும்" என்று எழுதிய பலகை கண்ணில் படும். வேலை அங்கேயே முடிந்துவிடும். 1,200 வெள்ளி சாமானை மாதம் 60 வெள்ளியாக 24 மாதம் கட்டினால் மொத்தம் 1,440 வெள்ளி. பண்டிகை இரண்டு தடவை வந்து போயிருக்கும்; கடன் மட்டும் வீட்டிலேயே இருக்கும். அந்த மேசையோ பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும்.

இந்த மாதம் வேறொரு வழியைச் சொல்ல வருகிறேன். குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய மரச்சாமானை வாங்கி, அல்லது வீட்டில் இருப்பதையே எடுத்து, பழுது பார்த்துச் சாயம் பூசிப் புதிதாக்கும் வழி. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர் பலர் இதைச் செய்கிறார்கள். தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் இதே முறைதான்.

கெட்டுப்போன சாயத்தில் தொடங்கியவர்

சாயம் என்றதும் சிங்கப்பூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோ செங் லியாங் என்பவர் 1927-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஜொகூரின் மூவாருக்கு அனுப்பப்பட்டு, அங்கே மீன் வலை விற்றார். பிறகு சிங்கப்பூர் திரும்பி இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார். 1949-ல் பிரிட்டிஷ் ராணுவம் போரில் மிஞ்சிய பொருள்களை ஏலம் விட்டது. அதில் கெட்டுப்போன சாயப் பீப்பாய்களும் இருந்தன. யாரும் விரும்பாத அவற்றை அவர் மிகக் குறைந்த விலைக்கு எடுத்தார். சீன மொழி ரசாயன அகராதி ஒன்றைத் துணையாக வைத்துக்கொண்டு கலந்து பார்த்து, புறா மார்க் என்ற பெயரில் சாயம் விற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொரியப் போர் மூண்டது. வெளிநாட்டுச் சரக்கு வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அவர் சாயத்துக்குக் கிராக்கி ஏற்பட்டது. 1962-ல் ஜப்பானிய நிப்பான் பெயிண்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார். 2025 ஆகஸ்டில் 98-வது வயதில் அவர் காலமானபோது சிங்கப்பூரின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவராக இருந்தார்.

நாம் எல்லாரும் கோடீசுவரர் ஆகப் போவதில்லை. ஆனால் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

பழைய சாமான் கிடைக்கும் இடம்

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சுங்கை ரோடு சந்தை இருந்தது. திருட்டுச் சந்தை என்று அதற்குப் பெயர். 1930-களில் தொடங்கிய அந்தச் சந்தையில் பழைய கடிகாரம் முதல் பிரிட்டிஷ் படையினர் விட்டுச் சென்ற சாமான் வரை தரையில் விரித்து விற்றார்கள். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அது மூடப்பட்டுவிட்டது. சிராங்கூன் சாலையில் வேலை பார்த்த நம்மவர்களில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு சுற்று சுற்றாமல் வீடு திரும்பியதில்லை.

சந்தை போனாலும் பழைய சாமான் போய்விடவில்லை. கருங்குனிக்காரர்கள் இன்றும் அடுக்குமாடிகளில் ஊதுகுழல் ஒலித்து வருகிறார்கள். மலாய் மொழியில் 'காருங் குனி' என்றால் கோணிச் சாக்கு. அந்தச் சாக்கைத் தோளில் போட்டு வந்த காலத்துப் பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. சால்வேஷன் ஆர்மி எனப்படும் இரட்சணிய சேனையினர் தானமாக வரும் சாமான்களைத் தங்கள் கடைகளில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். வீடு மாறிப் போகிறவர்கள் நல்ல அலமாரியைக்கூட அடுக்குமாடியின் கீழே வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அப்படிக் கிடப்பதை உடனே தூக்கி வந்துவிடாதீர்கள். வைத்தவரைக் கேளுங்கள், தெரியாவிட்டால் நகர மன்றத்தாரைக் கேளுங்கள். கேட்டு வாங்கிய பொருளுக்கு ஒரு குறையும் வராது.

மலேசியாவில் இருக்கும் சகோதரிகள் இதற்காகப் பாலம் தாண்டிப் போக வேண்டியதில்லை. உங்கள் பட்டணத்துப் பழைய சாமான் கடை, மூடப்படும் சாப்பாட்டுக் கடை, புதுச் சாமான் வாங்கும் பக்கத்து வீடு என்று எங்கும் கிடைக்கும். சொல்லி வைத்தால் தேடி வரும்.

நாம் சீவிய மரம்

பழைய நாற்காலியை எடுத்தவுடன் புரட்டிப் போட்டு அடிப்பாகத்தைப் பாருங்கள். மேலே வார்னிஷ் மறைத்தாலும் அடியில் மரம் தன் நிறத்தைக் காட்டிவிடும். வெளுத்த சந்தன நிறம், சிறு சிறு கோடுகள், கையில் எடுத்தால் கனம், துண்டு துண்டாகப் பல் கோத்து ஒட்டிய பலகை என்று இருந்தால் அது அநேகமாக ரப்பர் மரம். நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் எழுந்து சீவிய அதே பால்மரம்.

அதன் கதை சிங்கப்பூரிலேயே தொடங்குகிறது. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தன. 1888-ல் அங்கே பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தினார். அதிலிருந்துதான் மலாயாவின் தோட்டங்கள் பெருகின, நம்மவர்கள் கப்பல் ஏறி வந்ததும் பெருகியது.

பால்மரம் சுமார் 25 முதல் 30 ஆண்டு வரை பால் தரும். பால் வற்றியதும் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகத்தான் போயிற்று. காரணம், அந்த மரத்தில் மாவுச் சத்து அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும். பிறகு, வெட்டிய உடனே போரான் மருந்தை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தி, சூளையில் காய வைக்கும் முறை பரவியது. 1980-களிலிருந்து விறகு மரம் வெளிநாடு போகும் நாற்காலி ஆயிற்று. கோ செங் லியாங் மீன் வலை விற்ற அதே மூவார், இன்று மலேசிய மரச்சாமான் தொழிலின் முக்கிய நகரமாக இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன்: ரப்பர் மர மேசை பழசாகிவிட்டது என்று அடுப்பில் வைக்காதீர்கள். அது சாயத்தை நன்றாகப் பிடிக்கும் மரம். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டுக்குள் இருக்க வேண்டும். மழையில் நனையும் வாசலுக்கு அது ஆகாது.

எதை எடுக்கலாம், எதை விடலாம்

ஆடுகிற நாற்காலியைக் கண்டு பயப்பட வேண்டாம். மூட்டுக் கழன்றிருந்தால் பசை போட்டுச் சேர்க்கலாம். ஆனால் பின்வரும் குறைகள் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று, குண்டூசித் துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும். உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். வீட்டில் உள்ள மற்ற மரத்துக்கும் அது பரவும். இரண்டு, தட்டிப் பார்த்தால் பொத்தென்று ஓசை வரும் கால்கள். கரையான் உள்ளே தின்று முடித்திருக்கும். மூன்று, தண்ணீர் குடித்து உப்பிய மரத்தூள் பலகை. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. நான்கு, மூட்டைப் பூச்சி. கட்டில் மூட்டுகளிலும் இழுப்பறை மூலைகளிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்தச் சாமானை வீட்டுப் படியே ஏற விடாதீர்கள்.

தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டியது

பழைய சாமான் சாயத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதன் பெயர் ஈயம். முற்காலத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்புச் சாயங்களில் ஈயம் கலப்பது சாதாரண வழக்கம். பளபளப்பும் உழைப்பும் கூடும் என்பதற்காகக் கலந்தார்கள். அந்தச் சாயம் உரிந்து விழும் செதிலும், தேய்க்கும்போது பறக்கும் தூளும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். படிப்பில் மந்தம், கவனக் குறைவு என்று பிறகு தெரியவரும். போன மூளை வளர்ச்சியை மருந்து கொடுத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்த அளவு ஈயம் உடம்பில் இருந்தால் கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. கர்ப்பிணிகளுக்கும் இது ஆபத்து.

அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் ஈயத்தை 1978-ல் தடுத்தார்கள். சிங்கப்பூரில் 2022-லிருந்து சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. புதிதாக வாங்கும் டின்னில் "ஈயம் சேர்க்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய சாமானில் எவர் எப்போது எதைப் பூசினார் என்பது நமக்குத் தெரியாது. ஆகவே சில விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

சாயம் பூசிய பழைய குழந்தைக் கட்டிலை வாங்க வேண்டாம். பல் முளைக்கும் குழந்தை கம்பியைக் கடிக்கும்.

வயது தெரியாத பழைய சாயத்தை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனையும் வகை உப்புத்தாளை வாங்கி, ஈரமாகவே தேயுங்கள். தூள் பறக்காது. மூக்கு வாயை மூடும் என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்தப் பக்கமே வரக்கூடாது. வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெருக்குமாறு போடாதீர்கள். வேலை செய்த உடையைத் தனியே துவையுங்கள். கை கழுவாமல் சாப்பாட்டைத் தொட வேண்டாம்.

விறகடுப்பு இன்னும் எரியும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: சாயம் பூசிய பழைய பலகையை ஒருநாளும் அடுப்பில் வைக்காதீர்கள். ஈயம் புகையோடும் சாம்பலோடும் வீடு முழுவதும் பரவும்.

வேலையைச் செய்யும் முறை

சாயம் பூசுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவைதான் அதிகம். அவசரப்பட்டு முதல் நாளே டின்னைத் திறப்பவர்களின் மேசைதான் மூன்றாம் மாதம் செதில் செதிலாக உரிகிறது.

முதலில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடையுங்கள். சமையல் கட்டில் இருந்த மேசை என்றால் இரண்டு தடவை. பிறகு நல்ல தண்ணீரில் துடைத்து ஒரு நாள் நிழலில் காய விடுங்கள். பிடி, கீல், திருகாணி எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஆடும் கால்களைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை தடவிப் பொருத்துங்கள். கயிற்றைச் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகப் பிடிக்கும். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். பள்ளங்களையும் ஆணித் துளைகளையும் மரத்துக்கான புட்டி வைத்து அடையுங்கள். காய்ந்ததும் இறங்கும், ஆகவே சற்று மேடாகவே வையுங்கள்.

அடுத்தது உப்புத்தாள். கடையில் 'கெர்த்தாஸ் பாசீர்' என்றாலும் தருவார்கள். அதன் முதுகில் எண் போட்டிருக்கும். எண் கூடக் கூட நயம். 120-ல் தொடங்கி 220-ல் முடியுங்கள். மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் சாயத்துக்கு மேலும் தெரியும். பளபளப்பு மங்கினால் போதும், மரம் வரை போக வேண்டியதில்லை.

பழைய சாயம் எண்ணெய்ச் சாயமா தண்ணீர்ச் சாயமா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் சாயம் வந்தால் அது தண்ணீர்ச் சாயம். வராவிட்டால் எண்ணெய்ச் சாயம். எண்ணெய்ச் சாயத்தின் மேல் நேராகத் தண்ணீர்ச் சாயம் பூசினால் நகத்தால் கீறினாலே உரியும். நடுவில் பிரைமர் என்ற அடிச்சாயம் கட்டாயம் வேண்டும். தேக்கு, நியாத்தோ போன்ற சிவந்த மரங்களில் மரக் கறை மேலே ஊறி வந்து வெள்ளைச் சாயத்தை மஞ்சளாக்கும். அவற்றுக்குக் கறை தடுக்கும் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

அதன் மேல் சாயம் இரண்டு தடவை, மெல்லியதாக. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் வழிந்து நிற்கும், உள்ளே காயாது. தண்ணீர்ச் சாயத்துக்குச் சில மணி நேரமும் எண்ணெய்ச் சாயத்துக்கு ஏறக்குறைய ஒரு நாளும் இடைவெளி வேண்டும். டின்னில் எழுதியிருப்பதே சரியான கணக்கு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பிற்பகல் மழை வரும் மாதங்களில் காலையிலேயே பூசி முடியுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பூச வேண்டாம். தொட்டால் ஒட்டாத நிலை வந்தாலும் சாயம் முழுமையாக இறுகச் சில வாரம் ஆகும். அதுவரை சூடான சட்டியை மேலே வைக்காதீர்கள்.

எவ்வளவு சாயம் வாங்குவது? ஒரு லிட்டர் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். நால்வர் உட்காரும் மேசை காலோடு சேர்த்து இரண்டரை சதுர மீட்டருக்குள் அடங்கும். இரண்டு தடவைக்கு ஐந்து. அரை லிட்டர் போதும். பெரிய டின் மலிவு என்று வாங்கி மூலையில் உலர விடுவது சிக்கனம் ஆகாது.

சன்னல்களைத் திறந்து வையுங்கள். எண்ணெய்ச் சாயமும் தின்னரும் இருக்கும் இடத்தில் சாமி விளக்கும் சிகரெட்டும் வேண்டாம். எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். வெளியில் விரித்துக் காய வைத்துப் பிறகு போடுங்கள். மிச்சத் தின்னரை ஒருபோதும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். சிங்கப்பூர் அடுக்குமாடியில் இருப்பவர்கள் நடைவழியில் சாமானைப் பரப்பி வேலை செய்யக்கூடாது. தீ விபத்தில் தப்பிச் செல்ல அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது விதி.

என்ன நிறம்?

லிட்டில் இந்தியாவுக்குப் போகிறவர்கள் கெர்பாவ் ரோட்டில் ஒரு வீட்டின் முன் நின்று படம் எடுக்காமல் வருவதில்லை. 1900-ல் கட்டப்பட்ட டான் தெங் நியா வீடு அது. மிட்டாய்த் தொழிற்சாலைகள் நடத்திய சீன வணிகர் அவர். ரப்பர் உலர்த்தும் புகைக்கூடமும் வைத்திருந்தார். 1980-களில் அந்த வீட்டைப் பழுது பார்த்துக் காப்பாற்றினார்கள். இன்று ஒவ்வொரு சன்னல் சட்டமும் ஒரு நிறமாக வானவில்லைப் போல நிற்கிறது. முதலில் பழுது, பிறகுதான் நிறம் என்ற முறை அங்கேயும் இருந்தது.

நம் சிறு வீட்டுக்கு அத்தனை நிறம் தாங்காது. பெரிய சாமானுக்கு வெளிறிய நிறம் பூசினால் அறை விசாலமாகத் தெரியும். ஒரே ஒரு நாற்காலிக்கோ இழுப்பறையின் முகத்துக்கோ அந்த வீட்டின் நீலத்தையோ பச்சையையோ கொடுங்கள். வெவ்வேறு இடத்தில் வாங்கிய நான்கு நாற்காலிகள் ஒரே நிறம் பெற்றால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஆகிவிடும். பிள்ளைகள் படிக்கும் மேசைக்குப் பளபளக்கும் சாயம் வேண்டாம். விளக்கொளி பட்டுக் கண் கூசும்.

நல்ல தேக்கு, அழகான ரேகையுள்ள மரம் கிடைத்தால் சாயம் பூசி மறைக்க வேண்டாம். வார்னிஷ் மட்டும் போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மேசையைத் திருப்பி, அடிப்பலகையில் பென்சிலால் மாதம், ஆண்டு, பூசிய சாயத்தின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். இருபது ஆண்டு கழித்து உங்கள் மகளோ பேரனோ அதே மேசையைத் தேய்க்க உட்காரும்போது, அதில் ஈயம் இருக்குமோ என்று அஞ்ச வேண்டியிராது.